காசிமேட்டுக் கழிசலும் புதிய மீன்களும்

சென்னைக் கடலில் புதிய மீன் இனம் கண்டறியப்பட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, வலை விழுந்த இடம் எது என்பதைத்தான். காசிமேட்டில் கரையேறியது என்பதற்காக ஒரு மீன் நம் கடலுக்குரியதாகிவிடாது. இங்கிருந்து புறப்படும் விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கி, ஆந்திரக் கரைக்கு அப்பாலும் மடிவலை இழுத்துத் திரும்புகின்றன. "எத்தனை பாகத்துல இழுத்தீங்கண்ணா?" என்று படகு ஓட்டியவரைக் கேட்டால் (பாகம் என்பது கடலின் ஆழத்தைச் சொல்லும் அளவு), சிலர் ஜிபிஎஸ் திரையையே காட்டிவிடுவார்கள். அந்த ஒரு வரி குறிப்பேட்டில் இல்லையென்றால், பின்னர் ஆய்வகத்தில் செய்யும் வேலை எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் 'புதிய பதிவு' என்னும் சொல்லுக்கு ஆதாரம் இல்லை.

வஞ்சிரம், சங்கரா, இறால் எல்லாம் பிரித்தெடுக்கப்பட்ட பின் எஞ்சும் கழிசல், தீவனத்துக்கு லாரி ஏறுவதற்குள் அதைக் கிளறிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. சுண்டுவிரல் அளவு மீன்கள் அங்கேதான் கிடக்கின்றன. ஆகவே, புதிதாகப் பதிவாகும் சிறு மீன்களில் பெரும்பாலானவை புதிதாக வந்தவை அல்ல, நெடுங்காலமாக இங்கேயே இருந்து யார் கண்ணிலும் படாதவை என்றே நான் நினைக்கிறேன்.

காரல் மீனையே எடுத்துக்கொள்வோம். வெள்ளித் தகடு போன்ற உடல் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் இடுக்கியால் மேல் தாடையைப் பிடித்து மெல்ல இழுத்தால், வாய் குழாய்போல் நீண்டு வெளியே வரும். அது மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர், நேராக நீண்டு கோரைப் பற்களும் இருந்தால் காஸா, கீழ்நோக்கி வளைந்தால் லியோக்னாதஸும் அதன் உறவுப் பேரினங்களும். இதெல்லாம் பேரினம் வரைக்கும்தான். இனத்தைத் தீர்மானிக்க மார்புப் பகுதியில் செதில் உண்டா, முதுகில் கோடுகள் எப்படி ஓடுகின்றன என்று உருப்பெருக்கியின் கீழ் பார்த்தாக வேண்டும். கார்டினல் மீன்களில் முதல் முதுகுத் துடுப்பின் முட்களை எண்ண வேண்டும். முதல் முள் மிகச் சிறியதாக இருப்பதால், ஊசி முனையால் தோலை விலக்கிப் பார்க்காதவர் ஒன்றைக் குறைத்தே எண்ணுவார்.

ஃபார்மலினில் இட்டால் நிறம் போய்விடும், மரபணுவும் சிதைந்துவிடும். எனவே துடுப்புகளை விரித்துப் படமெடுத்து, ஒரு துண்டுத் தசையை ஆல்கஹாலில் போட்ட பிறகே உடலை ஃபார்மலினுக்கு அனுப்ப வேண்டும். இனத்தை அடையாளம் காண, சுமார் 650 எழுத்துகள் கொண்ட சிஓஐ என்னும் மரபணுவின் துண்டை ஒப்பிடுவது இன்று வழக்கமாகிவிட்டது என்றாலும், தரவுத்தளத்தில் யாரோ தவறான பெயரில் ஏற்றிய வரிசையோடு நம் மீன் பொருந்தினால், அந்தத் தவறே நமக்கும் விடையாக வரும். முள்ளை எண்ணுவதிலிருந்து விடுதலை இல்லை.

பழைய பட்டியல்களைப் புரட்டும்போதும் எச்சரிக்கை வேண்டும். சென்னை ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் நூலில் பெரும்பாலான காரல்களை ஈக்குவலா என்ற பேரினத்தில் வைத்தார். அந்தப் பேரினம் இன்று பலவாகப் பிரிந்துவிட்டது. இன்றைய பெயரை மட்டும் தேடிவிட்டு, இந்த மீன் அன்று இங்கே இல்லை என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

வெளியிலிருந்து வந்து குடியேறுவதும் நடக்கத்தான் செய்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் சிப்பி, தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்து கொட்டும் நிலைப்பு நீரின் மேல் சந்தேகம் எழுவதும் இயல்பே. ஆனால் அதே காரணத்தை ஒரு சிறு மீனுக்கும் ஒட்டவைக்க ஒற்றை மாதிரி போதாது; பல பருவங்களில், முட்டையோடு கூடிய பெண் மீன்களும் குஞ்சுகளும் அதே இடத்தில் கிடைக்க வேண்டும். அதுவரை அந்த மீனைப் பதிவு எண்ணோடு ஓர் அருங்காட்சியகச் சேகரத்தில் ஒப்படைத்துவிட்டால், சந்தேகம் உள்ள எவரும் முட்களைத் தாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.