லூசியானால கேஜன் வீடும் கிரியோல் வீடும்

அமெரிக்காவுல லூசியானா போறவங்க நியூ ஆர்லியன்ஸோட திரும்பிடாதீங்க, லஃபாயெட்ல இருக்கற வெர்மிலியன்வில்ங்கற பழைய வீடுங்க மியூசியத்துக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. நாங்க போனது குரூப் டூர், பஸ்ல ஒரே அரட்டை, ஆனா கைடு அம்மா சூப்பரா சொன்னாங்க. 1755ல நோவா ஸ்கோஷியாலருந்து பிரிட்டிஷ்காரங்க துரத்த ஆரம்பிச்ச அகேடியன்ங்கற பிரெஞ்சு பேசற ஜனங்கள்ல கொஞ்சம் பேரு எங்கெங்கயோ அலைஞ்சு இங்க வந்து சேந்தாங்க, அவங்க வம்சம்தான் கேஜன்.

எனக்கு ரொம்ப புடிச்சது அங்க இருக்கற கேஜன் வீட்டு சுவருதாங்க. மரச்சட்டத்துக்கு நடுவுல களிமண்ணையும் மரத்துல தொங்கற ஸ்பானிஷ் மாஸையும் பிசைஞ்சு அப்பியிருக்காங்க, பேரு பூசியாஜ், பூச்சு விட்டுப்போன எடத்துல கருப்பா நாரு நீட்டிக்கிட்டு நிக்குது. முன்வராண்டாலருந்தே பரணுக்கு படி, வயசுப் பசங்க படுக்கறதுக்காம், ராத்திரி லேட்டா வந்தாலும் அப்பாவுக்கு தெரியாது போல!

அப்புறம் வாஷெரிங்கற ஊர்ல லாரா பிளான்டேஷன், பழைய கரும்புத் தோட்டம். கிரியோல்னா பிரெஞ்சு காலனி காலத்துலருந்து இங்கயே பொறந்து வளந்த ஜனங்க. 1805ல கட்டுன கிரியோல் வீடு, செங்கல் தூண் மேல தூக்கி நிக்குது, நடுவுல நடைபாதையே கெடையாது, ரூமுக்குள்ள பூந்து ரூமுக்கு போகணும். மஞ்சளும் செவப்புமா கலர் கண்ண பறிக்குது, ஆனா பின்னாடி அடிமைங்க இருந்த மர கேபின்களையும் பாருங்க, அத பாக்காம முன்னாடி நின்னு செல்ஃபி மட்டும் எடுத்துட்டு வர்றது எனக்கு சரியா படல. ஜூலை ஆகஸ்ட்ல போகாதீங்க, புழுக்கம் தாங்காது.