பட்டன் இருக்கிறது, டயர் போய்விட்டது

சைக்கிள் டயர் வாங்கப் போனால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். டயர் மேல் இருக்கும் ரப்பர் மேடுகளை, அதாவது பட்டனை, கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்கள். ஆழமாக இருந்தால் "நல்லா உழைக்கும்" என்று பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் விலை குறைந்த டயர் பட்டன் தேய்ந்து போவது அபூர்வம். பட்டன் புதுசு மாதிரியே இருக்கும், சைடில் வெடிப்பு ஓடியிருக்கும். அல்லது ஓரிடத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்திருக்கும். அல்லது ஓரத்துக் கம்பி வெளியே வந்து டியூபைக் கிழித்திருக்கும். டயரின் தரம் பட்டனுக்குக் கீழேதான் இருக்கிறது, பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

டயரில் இருப்பது மூன்றே பொருள்: ரப்பர், நைலான் நூல், ஓரத்தில் இரும்புக் கம்பி. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் இந்த மூன்றில்தான் கை வைக்க வேண்டும்.

முதலில் ரப்பர். நல்ல கலவையில் ரப்பரோடு கார்பன் பிளாக் என்ற கரித்தூள் போதுமான அளவு சேரும். தேய்மானத்தைத் தாங்குவதும் வெயிலில் ரப்பர் கெடாமல் காப்பதும் அதுதான். மலிவுக் கலவையில் சுண்ணாம்புத் தூள், களிமண், பழைய டயரை அரைத்து மீட்ட ரப்பர் ஆகியவற்றின் பங்கு ஏறிவிடும். எடை இருக்கும், பலம் இருக்காது. அதனால் கையில் கனமாக இருப்பதை வைத்து நல்ல டயர் என்று முடிவு கட்ட முடியாது. அடுத்தது வெடிப்பு. காற்றில் இருக்கும் மிகச் சிறிய அளவு ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரைத் தாக்கும். சைடு எப்போதும் மடங்கி நிமிர்வதால் முதலில் அங்கேதான் கீறல் விழும். இதைத் தடுக்கக் கலவையில் மெழுகும் சில ரசாயனங்களும் சேர்ப்பார்கள். அவை குறைந்தால், வெயிலில் நிற்கும் சைக்கிளின் டயர் ஓடாமலேயே வெடிக்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். புது டயரின் சைடில் வெள்ளையாக மெல்லிய படலம் இருந்தால் "பழைய ஸ்டாக்" என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது பெரும்பாலும் உள்ளிருந்து மேலே வந்த அந்த மெழுகுதான். டயரைக் காப்பதே அது. மாறாக, எண்ணெய் தடவிப் பளபளவென்று கறுப்பாகத் தொங்கும் டயரைத்தான் சந்தேகப்பட வேண்டும். மண்ணெண்ணெயோ டீசலோ போட்டு டயரைத் துடைக்கவே கூடாது, ரப்பர் ஊறி இளகிவிடும்.

நூல் இரண்டு அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்கே சாய்வாக ஓடும். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை, இந்த நூல்தான். டயரை விரித்து உள்பக்கம் பாருங்கள். நூல் சீராக, ரப்பர் பூச்சுக்குள் புதைந்து இருக்க வேண்டும். இடைவெளி, சுருக்கம், பூச்சில்லாமல் துருத்தும் நூல் ஏதாவது தெரிந்தால் அங்கேதான் பிற்பாடு புடைக்கும். ஓடுகிற டயரில் பட்டன் வரிசை ஓரிடத்தில் மட்டும் பாம்பு மாதிரி வளைந்து தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் இல்லை, கழற்றிப் போட வேண்டியதுதான். சைடில் மயிரிழை மாதிரி மேலோட்டமான கீறல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். கீறலுக்குள் நூல் தெரிந்தால் ஓட்டக் கூடாது.

கம்பிதான் அதிகம் பேசப்படாத விஷயம். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் இரும்பு ரிம்மில் டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி மடிப்பு கிடையாது. கம்பி வளையத்தின் சுற்றளவு சரியாக இருப்பதால்தான் டயர் உட்கார்ந்திருக்கிறது. வளையம் கொஞ்சம் பெரிதாகிவிட்டால், காற்று ஏற ஏற டயர் ஓரிடத்தில் ரிம்மைத் தாண்டும், டியூப் வெளியே பிதுங்கும், அடுத்த நொடி "டமார்". மாட்டும்போது நெம்பும் லிவரே தேவைப்படாமல் வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டால் மகிழ்ச்சியடைய வேண்டாம். ஒன்று வளையம் தளர்வாகச் செய்யப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் சைஸே தவறு.

சைஸ் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் மிக அதிகம், "டயர் மட்டம்" என்று திட்டு வாங்குவது பல நேரம் தவறான சைஸ்தான். கடையில் "இருபத்தாறு" என்று கேட்டால் மூன்று வேறு டயர்களில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். 26 × 1⅜ என்றால் ரிம்மில் கம்பி உட்காரும் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1½ என்றால் 584. 26 × 1.95, 26 × 2.125 போன்ற புள்ளி எண் டயர்களுக்கு 559. இதில் உச்சம் என்னவென்றால், கணக்குப் பாடத்தில் 1½ம் 1.5ம் ஒன்று. டயரில் 26 × 1½க்கும் 26 × 1.5க்கும் விட்டத்தில் 25 மில்லிமீட்டர் வித்தியாசம். 590 டயரை 584 ரிம்மில் போட்டால் ஏறிவிடும், காற்றும் நிற்கும், வெயிலிலோ பள்ளத்திலோ கழன்றுவிடும். இருபத்தெட்டிலும் இதே கதைதான். நம் பெரிய சைக்கிளின் 28 × 1½க்கு 635, கியர் சைக்கிள்களின் 700சி-க்கு 622.

அதனால் அங்குலத்தை மறந்துவிட்டு, டயர் சைடில் அச்சாகியிருக்கும் 40-635, 37-590 மாதிரியான ஜோடி எண்ணைப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது கம்பி உட்காரும் விட்டம். இரண்டாவது எண் பழைய டயரில் இருந்ததோடு அப்படியே பொருந்த வேண்டும். பழைய டயரில் எழுத்து அழிந்திருந்தால், ரிம்மில் கம்பி உட்காரும் திட்டில் நூலைச் சுற்றி அளந்துவிடலாம்: 635க்கு 1995 மில்லிமீட்டர் வரும், 622க்கு 1954, 590க்கு 1854, 584க்கு 1835, 559க்கு 1756. இந்த எண்ணே அச்சாகாத டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சைக்கிள் டயருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2414, டியூபுக்கு ஐஎஸ் 2415. ஐஎஸ்ஐ முத்திரையும் அந்த எண்ணும் சேர்ந்து இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

கடையிலேயே இன்னொரு சோதனை: டயரைத் தரையில் படுக்கப் போடுங்கள். சுற்றிலும் தரையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். மூட்டை கட்டும்போதோ ஆணியில் மாட்டும்போதோ கம்பி ஒருமுறை மடங்கிவிட்டால் அந்த மடிப்பு போகாது. வீலில் பெண்டு எடுத்தாலும் டயர் ஆடிக்கொண்டே இருக்கும். சைடை இரண்டு விரலால் இறுக மடித்துப் பாருங்கள், மடிப்பில் கீறல் கண் திறந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மாட்டுவதற்கு முன் கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம், குறிப்பாகக் கம்பியின் ஓரம் முழுக்க ஓட்ட வேண்டும். கம்பியின் முனைகள் சேரும் இடத்தில் ரப்பர் மெலிதாக இருந்தால் முனை துருத்தும், பஞ்சு அதில் சிக்கிக்கொள்ளும். அதேபோல் ரிம்மில் ரிம் டேப்பை விலக்கி, போக்ஸ் கம்பியின் முனை, அதை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிளைத் தாண்டி நீட்டுகிறதா என்று பாருங்கள். நீட்டினால் அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். டியூபில் ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் குற்றவாளி இதுதான், டயர் இல்லை.

டியூபில் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றை வைத்து, பவுடர் தடவி உள்ளே விடுங்கள். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் ஆரம்பித்து வால்வில் முடிக்க வேண்டும். கடைசியில் வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளி, டியூப் கம்பிக்கு அடியில் சிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். திருப்புளி வேண்டவே வேண்டாம், புது டியூபில் விழும் முதல் ஓட்டை பெரும்பாலும் அதன் உபயம். பாதிக் காற்றில் வீலைச் சுற்றிப் பாருங்கள். ரிம்முக்கு மேலே டயரில் மெல்லிய கோடு ஒன்று ஓடும், அது இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தொட்டு இழுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். டயரில் பெயர் அச்சான இடம் வால்வுக்கு நேரே வரும்படி மாட்டினால் பின்னால் உதவும். கருவேல முள் குத்தும் நாளில், டியூபில் ஓட்டை வால்வுக்கு எத்தனை விரல்கடை தள்ளி இருக்கிறது என்று பார்த்து, டயரில் முள்ளைத் தேடாமல் பிடுங்கிவிடலாம்.

காற்று. மலிவு டயரைச் சீக்கிரம் கொல்வது குறைந்த காற்று. அமுங்கி ஓடினால் சைடு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நூல் அறுபடும். பள்ளத்தில் ரிம் இடித்து டியூபில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். டியூப் உள்ளே நகர்ந்து வால்வு சாய்ந்து கிழியும். 28 × 1½ டயருக்கு முன்னால் 40, பின்னால் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) ஒரு நல்ல தொடக்கம், டயரில் அச்சான உச்ச அளவைத் தாண்டாமல். வால்டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய வால்வில் சாதாரண கேஜ் வைத்து அளக்க முடியாது, அதனால்தான் கட்டைவிரலால் டயரை அழுத்திக் காற்றைப் பார்க்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. கேஜ் உள்ள பம்ப் அடிக்கும்போதாவது ஒரு மதிப்பைக் காட்டும். சாதா ரப்பர் டியூபில் காற்று சீக்கிரம் கசியும், வாரம் ஒருமுறை அடித்தே ஆக வேண்டும். பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் டியூப் பல மடங்கு அதிக நாள் தாங்கும். டயருக்குக் கூடுதலாகச் செலவழிக்கத் தயங்குகிறவர்கள் டியூபிலாவது செய்யலாம்.

வெயிலில் நிறுத்தினால் வெடிக்கும் என்பது பாதி உண்மை. 30 டிகிரியில் 50 பிஎஸ்ஐ இருந்த டயர் 60 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 56 ஆகும். நல்ல டயர் அதைத் தாங்கும், வளையம் தளர்ந்த டயர் தாங்காது. கம்ப்ரசர் வேறு கதை. பெரிய சைக்கிள் டியூபின் கொள்ளளவே இரண்டரை லிட்டர் அளவுதான். குழாயை வைத்து ஒரு தும்மல் தும்மினால் அளவு தாண்டிவிடும். விட்டுவிட்டு, ஒரு கையால் டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும்.

பின் டயர்தான் முதலில் போகும், எடையில் பெரும்பங்கு அதன் மேல். அப்போது புதியதைப் பின்னால் போடாமல், முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் புதியதை முன்னால் போடுங்கள். பின்னால் வெடித்தால் சைக்கிள் ஆட்டம் காட்டும், சமாளித்துவிடலாம். முன்னால் வெடித்தால் ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது.

வழியில் டயர் கிழிந்து டியூப் எட்டிப் பார்த்தால், காலி பால் கவரை நான்காக மடித்துக் கிழிசலுக்கு உள்ளே வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்து வீடு வரை ஓட்டலாம். பழைய டயர்த் துண்டை ஓரம் சீவி, சொல்யூஷன் போட்டு ஒட்டினால் சில வாரம் போகும். ஓரம் சீவாமல் வைத்தால் அந்தத் துண்டே டியூபைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். கம்பிக்குப் பக்கத்தில் கிழிந்திருந்தால் இந்த இரண்டும் வேலைக்காகாது, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.