டாம் ஃபோகர்ட்டியின் வலது கை

கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு என்றால் எல்லாருக்கும் ஜான் ஃபோகர்ட்டிதான். பாட்டு எழுதியது, பாடியது, லீட் கிட்டார் வாசித்தது, தயாரித்தது எல்லாம் அவர். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நானும் இந்த இசைக்குள் வந்தேன். ஆனால் வருடக்கணக்காக அதே தட்டுகளைச் சுழலவிட்டுக் கேட்டதில் என் காது இப்போது போய் நிற்கும் இடம் வேறு. ஜானுக்கு ஓரமாக நின்று ரிதம் கிட்டார் வாசித்த அவருடைய அண்ணன் டாம். இந்தப் பதிவு முழுக்க அவருக்கு.

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். கோயில் புறப்பாட்டில் நாயனக்காரர் தோடியை விரித்துக்கொண்டே போவார். பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் மூச்சு விடுவது தெரியாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் பெயர் எந்த நோட்டீஸிலும் இருக்காது. அவர் நிறுத்திவிட்டால் தோடி அந்தரத்தில் தொங்கும். டாம் செய்தது அந்த வேலை, கூடவே தாளத்தையும் சுமந்துகொண்டு.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், பெர்க்லிக்கு வடக்கே எல் செரிட்டோ என்ற சிறிய ஊர். அங்கே போர்ட்டோலா பள்ளியில் ஒரே வகுப்பில் படித்த மூன்று பையன்கள் ஜான், ஸ்டூ குக் (பின்னாளில் குழுவின் பேஸ் கிட்டார்), டக் கிளிஃபோர்ட் (டிரம்ஸ்). மூவருமே 1945இல் பிறந்தவர்கள். டாம் 1941. இந்தச் சின்னப் பையன்கள் சேர்ந்து வாசிக்க, பாடியது டாம். 'டாமி ஃபோகர்ட்டி அண்ட் தி ப்ளூ வெல்வெட்ஸ்' என்று அவர் பெயர் முன்னால் நிற்கும் தட்டுகள்கூட வெளிவந்தன. அறுபதுகளின் நடுவில், ஃபேன்டசி என்ற இசைத்தட்டு கம்பெனி இவர்களுக்கு 'கோலிவாக்ஸ்' என்று ஒரு பெயரைச் சூட்டியிருந்த காலத்தில், தம்பியின் தொண்டை திறந்துகொண்டது. அண்ணன் மைக்கை விட்டு நகர்ந்து கிட்டாரோடு ஓரமாகப் போய் நின்றார்.

என்னைப் பொறுத்தவரை இந்த இசைக்குழுவின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய முடிவு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பாட்டும் அந்த விலகலின் மேல் கட்டியது.

1968இல் கிரீடன்ஸ் என்ற பெயரில் வந்த முதல் ஆல்பத்தின் 'சூசி க்யூ'வை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டரை நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் கேஎம்பிஎக்ஸ் என்ற எஃப்எம் நிலையம் நீளமான பாட்டுகளை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது; அதில் இடம்பிடிக்கத்தான் இதை இவ்வளவு நீட்டினார்கள். ஜானின் கிட்டார் சீறுகிறது, ஊளையிடுகிறது, எங்கெங்கோ அலைந்துவிட்டு வருகிறது. டாம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. முதல் தடவை கேட்கும்போது அவர் இருப்பதே தெரியாது. இரண்டாம் தடவை அவரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ஒரு கார்டை (பல தந்திகள் சேர்ந்து எழுப்பும் ஒலிக்கூட்டை) அடித்ததும் உடனே அடக்குகிறார். அந்த அடக்கலில்தான் பாட்டின் நடை இருக்கிறது. டக்கின் ஸ்னேர் டிரம் விழும் இடமும் டாமின் கை நிற்கும் இடமும் ஒட்டிக்கொண்டு போகும்.

1969இல் ஒரே வருடத்தில் மூன்று ஆல்பம். 'பேயூ கன்ட்ரி', 'கிரீன் ரிவர்', 'வில்லி அண்ட் தி புவர் பாய்ஸ்'. மறு வருடம் ஜூலையில் 'காஸ்மோஸ் ஃபேக்டரி'. அமெரிக்கப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் இவர்களுடைய ஐந்து சிங்கிள்கள் (தனிப்பாட்டுத் தட்டுகள்) இரண்டாம் இடம்வரை ஏறின, ஒன்றுகூட முதலிடத்துக்குப் போகவில்லை. ரசிகர்கள் இதை ஆதங்கத்தோடு சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. 'ஃபார்ச்சுனேட் சன்' இரண்டே கால் நிமிடத்தைச் சற்றே தாண்டும் பாட்டு. அதில் உள்ள கோபத்தை எந்த இடத்தில் வைத்தாலும் அது சுடும்.

இசையை நான்கு பேரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவார்கள். அதன்மேல் ஜான் குரலைச் சேர்ப்பார். 'பிரவுட் மேரி' பதிவானபோது பின்னணிக் குரல்களை எல்லாருமாகப் பாடினார்கள். ஜானுக்குப் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு எல்லாக் குரலையும் தானே பாடி அடுக்கினார். கேட்க அற்புதமாகத்தான் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் ஒரு காலத்தில் இந்தக் குழுவின் பாடகராக இருந்தவருக்குப் பின்னணியில்கூடக் குரல் இல்லாமல் போனதை நினைக்காமல் அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை.

'காஸ்மோஸ் ஃபேக்டரி'யில் 'ஐ ஹேர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' பதினொரு நிமிடம். மார்வின் கே பாடிப் பிரபலமான பாட்டு. வரிகள் முடிந்த பிறகு ஜான் தன் போக்கில் நீண்ட சோலோவில் இறங்குகிறார். நிறைய பேர் இந்த இடத்தில் ஊசியைத் தூக்கிவிடுவார்கள். தூக்காதீர்கள். டாமும் ஸ்டூவும் டக்கும் அங்கே செய்வது எண்ணெய் போட்ட எந்திரத்தின் சீரான ஓட்டம். ஜான் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர ஒரு தரை இருக்கிறது.

இப்போது எனக்கு வீடு அதே விரிகுடாப் பக்கம் ரிச்மண்டில், வேலை ஃப்ரீமாண்டில். நான் ஏறும் பார்ட் என்ற நகர ரயில் முதலில் எல் செரிட்டோ வழியாகத்தான் போகும். பிறகு பெர்க்லி, ஓக்லண்ட், கொலிசியம். அந்தக் கொலிசியம் அரங்கத்துக்கு ஒரு கதை உண்டு. 1980இல் 'தி ராயல் ஆல்பர்ட் ஹால் கான்சர்ட்' என்று இவர்களுடைய மேடைப் பதிவு ஒன்று வந்தது. பார்த்தால் அது லண்டனில் இருக்கும் அந்த அரங்கில் வாசித்ததே இல்லை. 1970 ஜனவரி 31 அன்று இந்த ஓக்லண்ட் கொலிசியத்தில் வாசித்தது. பிறகு 'தி கான்சர்ட்' என்று பெயரை மாற்றினார்கள். உண்மையான லண்டன் கச்சேரி வெளிவர 2022 ஆயிற்று. டாமை அறிய விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அந்த ஓக்லண்ட் தட்டுதான். ஸ்டுடியோவில் ஜான் தன்மேல் தானே இன்னொரு கிட்டாரை ஏற்றிக்கொள்ளலாம். மேடையில் முடியாது. சோலோ ஆரம்பித்ததும் கார்டைத் தாங்க டாம் ஒருவர்தான். 'கீப் ஆன் சூக்லின்' பாட்டில் அது அப்பட்டமாகத் தெரியும்.

'வில்லி அண்ட் தி புவர் பாய்ஸ்' உறையில் நான்கு பேரும் ஒரு கடை வாசலில் வாசித்துக்கொண்டிருக்க, குழந்தைகள் நின்று கேட்பார்கள். அது ஓக்லண்டில் பெரால்ட்டா தெருவும் ஹாலிஸ் தெருவும் சேரும் மூலை, டக் கீ மார்க்கெட். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கிவிடுவேன். நண்பர்களுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறது.

1971 தொடக்கத்தில் டாம் விலகினார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1970 டிசம்பரில் வந்த 'பெண்டுலம்'தான் அவர் இருந்த கடைசி ஆல்பம். 'ஹேவ் யூ எவர் சீன் தி ரெய்ன்' அதில்தான் இருக்கிறது. எல்லாரும் மழைப்பாட்டு என்று நினைப்பார்கள். பேரும் புகழும் உச்சத்தில் இருக்கும்போதே குழு உள்ளுக்குள் கலைந்துகொண்டிருந்ததைப் பற்றியது அது என்று ஜானே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மீதி மூவர் 1972இல் 'மார்டி கிரா' போட்டார்கள். ஸ்டூவும் டக்கும் அதில் எழுதினார்கள், பாடினார்கள். அதைத்தான் எல்லாரும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அவர்கள் குரல் தொந்தரவாக இல்லை. எனக்குக் கேட்பது நடுவில் உள்ள ஓட்டைதான். ரிதம் கிட்டார் அதில் இருக்கிறது. ஆனால் அது தாளத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறது, தாளத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. அதே வருடம் அக்டோபரில் குழு கலைந்தது.

அண்ணன் தம்பி உறவு அப்புறம் சீராகவில்லை. 1980இல் டாமின் கல்யாணத்தில் நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். முதுகு அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தம் வழியாக டாமுக்கு எச்ஐவி தொற்றியது. 1990 செப்டம்பரில், 48 வயதில் இறந்தார். 1993இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் குழுவைக் கௌரவித்தபோது அவர் இல்லை.

விலகிய பிறகு டாம் தன் பெயரிலேயே பாடினார் என்பது பலருக்குத் தெரியாது. 'எக்ஸ்காலிபர்' ஆல்பத்தில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா அவருக்காக கிட்டார் வாசித்திருக்கிறார். 1974இல் வந்த 'செஃபைர் நேஷனல்' எனக்கு இன்னும் பிடிக்கும். பழைய தட்டுப் பெட்டிகளில் தேடித்தேடித்தான் அது கையில் கிடைத்தது. அதில் 'ஜாய்ஃபுல் ரெசரக்‌ஷன்' என்று ஒரு பாட்டு. கிரீடன்ஸின் நான்கு பேரும் அதில் வாசித்திருக்கிறார்கள். மற்ற மூவரும் அறையில் இல்லாத நேரத்தில் ஜான் தனியாக வந்து தன் பங்கைச் சேர்த்தார். பாடுவது டாம். தம்பியின் தொண்டையில் இருக்கும் கரகரப்பு இதில் இல்லை. நிதானமான, மனசுக்கு நெருக்கமான குரல். ஜானின் கிட்டார் இந்தத் தடவை அண்ணன் குரலுக்குப் பின்னால் வருகிறது.

யூடியூபில் தேடினால் கிடைக்கும். நல்ல ஹெட்ஃபோன் வைத்துக் கேளுங்கள்.