ஆச்சியும் ஆஜியும்

"புரிந்ததா?" என்று அந்த நர்ஸ் கேட்கவே இல்லை.

தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியையும், வயிற்றுப்போக்கில் துவண்டுபோன அவர் பேரனையும் இன்று காலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். மொழிபெயர்ப்பு என் வேலை.

ஓ.ஆர்.எஸ். (பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தை நீட்டி, "ஆஜி, வீட்டில் எப்படிக் கரைப்பீர்கள்? செய்து காட்டுங்கள்" என்றார் நர்ஸ். மராத்தியில் பாட்டி என்றால் ஆஜி. நம் திருநெல்வேலி ஆச்சிக்கு அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

ஆச்சி பொட்டலத்தின் மூலையைக் கிள்ளினார். டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டார். மீதியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

சிக்கனம்!

நர்ஸ் சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, ஒரு லிட்டர் பாட்டிலில் புதுப் பொட்டலம் முழுவதையும் ஆச்சியின் கையாலேயே கொட்டவைத்தார். தண்ணீர் குறைந்தால் உப்பு மிஞ்சிப் பிள்ளைக்கு ஆபத்து. பொடி குறைந்தால் பலன் இல்லை. 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கீழே ஊற்றிவிட வேண்டும். (இதற்குத்தான் ஆச்சி துடித்துப்போனார்.) ஜிங்க் மாத்திரை, பேதி நின்றாலும் 14 நாள். அதற்கு ஒரு தாளில் 14 கட்டம் போட்டுக் கொடுத்தார், தினம் ஒன்றாக அடிப்பதற்கு.

பொட்டலத்தில் எல்லாம் அச்சிட்டுத்தான் இருக்கிறது. ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. "சரி சரி" என்று தலையாட்டத் தெரியும். எம்.காம். படித்த நானும் டாக்டர் முன்னால் அதைத்தான் செய்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆச்சி என் தோளைத் தட்டினார்.

"முழுப் பொட்டலம், ஒரு லிட்டர். எங்கே, நீ ஒரு தடவை சொல் பார்ப்போம்."