ஊசி போடாமல் திரும்பிய காலை

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 2006-ல் படிப்பை முடித்தேன். அதன் பிறகு ஈரோடு மாவட்டத்தில் கிராமம் கிராமமாக வைத்தியம். மடிநோய் என்று போன் வந்தால் யோசிக்கவே மாட்டேன். காம்புக்குள் ட்யூப், கழுத்தில் ஆன்டிபயாடிக் ஊசி, மூன்று நாள். கேட்கவில்லையா, வேறு மருந்து. அதற்கும் கேட்கவில்லையா, இன்னும் விலை கூடிய மருந்து.

ஒரு ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு ஆறு மாதத்தில் மூன்று முறை இப்படிச் செய்தேன். மூன்று முறையும் நான்கைந்து நாளில் பால் தெளிந்தது, மூன்று முறையும் திரும்ப வந்தது. கடைசியில் அந்தக் காம்பு கல் மாதிரி இறுகிப் பால் வற்றிப்போனது. மாட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டார். அந்த மூன்று முறையில் ஒரு முறைகூட என்ன கிருமி என்று நான் பார்க்கவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் மடிநோய் பற்றிய ஐந்து நாள் பயிற்சிக்கு எழுதிப்போட்டேன்.

போவதற்கு முன்பே ஒரு விஷயம் புரிந்திருந்தது. படித்ததை வைத்தே காலம் தள்ள முடியாது. நான் பட்டம் வாங்கிய அதே வருடம்தான் மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து தடைசெய்யப்பட்டது. அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்துக்கொண்டிருந்தன. 2019-ல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் போனது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் என்ற வலி மருந்துகளும் போயின. சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. எங்கள் பகுதி டாக்டர்கள் என்ன ஊசி போடுகிறோம் என்பது அவற்றின் உயிர் விஷயம்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். முதல் இரண்டு நாள் வகுப்பு. மூன்றாம் நாள் கொட்டகைக்குக் கூட்டிப்போய், கையில் நாலு குழி வைத்த பிளாஸ்டிக் தட்டைக் கொடுத்தார்கள். கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை. கல்லூரியில் ஒரு முறை பார்த்ததுதான், பிறகு தொடவே இல்லை. முதல் பீய்ச்சலைக் கீழே விட்டுவிட்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் சுமார் 2 மில்லி பால் அதனதன் குழியில். அதே அளவு ஊதாக் கரைசல். தட்டை வட்டமாகப் பத்து நொடி ஆட்ட வேண்டும். மூன்று குழிகளில் பால் தண்ணீராகச் சுற்றியது. நான்காவதில் நடுவில் திரண்டு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று நின்றது. நோய் வந்த காம்பின் பாலில் கூடும் வெள்ளை அணுக்களைக் கரைசல் உடைக்க, உள்ளிருந்த டிஎன்ஏ வெளியே வந்து திரள்கிறது. அந்தப் பசு நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. மடியில் வீக்கமில்லை, பாலும் பார்வைக்குச் சுத்தம். இப்படி வெளியே தெரியாமல் எத்தனை மாடுகளைக் கடந்து போயிருப்பேன் என்று நினைத்தபோது மனசு கனத்துவிட்டது.

நான்காம் நாள், என்ன கிருமி என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கப் பால் மாதிரி எடுப்பது. ஸ்பிரிட் பஞ்சால் காம்பு நுனியைத் துடைக்கும்போது தூரத்துக் காம்பில் தொடங்க வேண்டும், மாதிரி பிடிக்கும்போது கிட்டத்துக் காம்பில் தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால் துடைத்த காம்பில் கை உரசி அழுக்காகிவிடும். குழாயை நிமிர்த்திப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்தால் முடியும் தூசியும் உள்ளே விழாது. ஆன்டிபயாடிக் போடும் முன் எடுக்க வேண்டும், ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம் ஊருக்கு வந்து நான் அனுப்பிய முதல் மாதிரிக்கு வந்த பதில்: மூன்று வகைக் கிருமி வளர்ந்திருக்கிறது, மாதிரி அசுத்தம், திரும்ப அனுப்பவும். அவசரத்தில் காம்பு காயும் முன்பே பிடித்திருந்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுதான் தேறியது.

பயிற்சியில் என் வழக்கத்தைப் புரட்டிப்போட்டது ஒன்று உண்டு. காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது, பாலில் மட்டும் திரி, அதாவது சின்னச் சின்னக் கட்டிகள், வருகிறது என்றால் மாதிரி எடுத்துவிட்டு ஒரு நாள் காத்திருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் எதுவும் வளரவில்லை என்றாலோ, ஈ.கோலை வகை வளர்ந்தாலோ, பெரும்பாலும் மாட்டின் உடம்பே அதைத் தீர்த்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக்கால் பெரிய லாபமில்லை. ஆனால் காய்ச்சலோடு தீனி விட்ட மாடு, படுத்துவிட்ட மாடு, தண்ணீராய்ப் பால் வரும் மாடு என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இதை வகுப்பில் கேட்பது சுலபம். ஒரு அக்கா வீட்டுக் கட்டுத்தரையில் செய்வது வேறு. வெப்பம் 101.6 டிகிரி ஃபாரன்ஹீட், மாட்டுக்கு அது காய்ச்சல் இல்லை, மாடு அசை போட்டுக்கொண்டிருக்கிறது, இடப்பக்கப் பின்காம்பில் திரி. மாதிரி எடுத்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

“ஊசி போடாமயே போறீங்களா டாக்டரு? பால் ஊத்தித்தானுங்க புள்ளைக்கு ஃபீஸ் கட்டறேன்.”

“ஊசி போட்டா மருந்து பால்ல எறங்கி, சொசைட்டிக்கு ஊத்தக்கூடாத நாள் இன்னும் கூடுமுங்க அக்கா. ஒரு நாள் பொறுங்க. காய்ச்சல் வந்தா, தீனி விட்டா, ராத்திரின்னாலும் கூப்பிடுங்க.”

சும்மாவும் திரும்பவில்லை. வேலியோரம் சோற்றுக் கற்றாழை இருந்தது, ஈரோட்டில் மஞ்சளுக்கா பஞ்சம்? கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீர் கலந்து ஒரு நாளைக்குப் பத்து முறை மடி முழுக்கப் பூச வேண்டும், ஐந்து நாள். கூடவே தினம் இரண்டு எலுமிச்சம்பழம் நறுக்கித் தின்னக் கொடுக்க வேண்டும், மூன்று நாள். தேசிய பால்வள வாரியமே பரப்பும் முறை இது.

அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. காலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து பதில்: எதுவும் வளரவில்லை. நான்காம் நாள் திரி நின்றது. கற்றாழை தீர்த்ததா, உடம்பே தீர்த்துக்கொண்டதா என்று ஒரு மாட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆன்டிபயாடிக் தேவைப்படவில்லை, அது மட்டும் நிச்சயம்.

எல்லாம் இப்படி முடியவில்லை. வேறொரு பண்ணையில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வந்தது. திசுவுக்குள் ஒளிந்துகொண்டு திரும்பத் திரும்ப வரும் கிருமி. நான் பறிகொடுத்த ஜெர்சிக்கும் இதுவாக இருந்திருக்கலாம். அந்த மாட்டைக் கடைசியில் கறக்கச் சொன்னேன், ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்துணி, கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கவும் சொன்னேன். அந்த மாடு தேறவில்லை. பக்கத்து மாடுகளுக்கு இதுவரை பரவவில்லை.

போன வாரம் அந்த அக்கா போன் செய்தார். அடுத்த மாட்டுக்கு வலப்பக்க முன்காம்பில் திரி வருகிறதாம். நான் கொடுத்து வைத்திருந்த குழாயில் பிடித்து ஐஸ் மேல் வைத்துவிட்டாராம்.

“தூரத்துக் காம்பத்தான் மொதல்ல தொடச்சனுங்க டாக்டரு. எப்ப வர்றீங்க?”