டிசி கைக்கு வராமலே ஆறாம் வகுப்பில் சேர்த்தோம்

சென்னைப் புறநகரில், பம்மல் பக்கம் இருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்த மகளை ஆறாம் வகுப்புக்கு வீட்டருகே உள்ள அரசு உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றினோம். ஆறிலேயே மாற்ற வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடானாலும் சரி, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமானாலும் சரி, ஆறிலிருந்து பிளஸ் டூ வரை எங்கே படித்தாள் என்றுதான் பார்ப்பார்கள். ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் இரண்டும் கைநழுவிப் போகலாம்.

பழைய பள்ளியில், ஃபீஸ் பாக்கியைக் கட்டினால்தான் டிசி (மாற்றுச் சான்றிதழ்) என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வருமானம் குறைந்திருந்த நேரம். மொத்தமாகக் கட்ட வழியில்லை.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு எல்லாம் எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை கார்டைப் பார்த்தார், மகளிடம் ஒரு பக்கம் தமிழ் வாசிக்கச் சொன்னார். "டிசி அப்புறம் வரட்டும்மா, நாளைக்கே பிள்ளையை அனுப்புங்க" என்றார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே அதைத்தான் சொல்கிறது: டிசி தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உண்மையான இழுபறி எமிஸில்தான், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரங்கள் இருக்கும் கணினிப் பதிவில். பழைய பள்ளி அவள் பெயரைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு) விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பதிவில் எடுக்க முடியும். வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்கிறாள், கணினியிலோ இன்னும் பழைய பள்ளி மாணவி. மனசு அடித்துக்கொண்டது. அப்போது கூட வந்தவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர். அவர் மகனும் அதே அரசுப் பள்ளியில்தான் படிக்கிறான். இருவரும் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தோம். கட்டண பாக்கியை வசூலிக்க டிசியைக் கருவியாக்கக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் எழுதினோம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது என்று அக்கா நின்றுவிட்டார். அந்தச் சீட்டின் நகலைப் பழைய பள்ளியில் கொடுத்த பிறகுதான் காரியம் நடந்தது; பெயரை விடுவித்தார்கள், டிசியும் வந்தது. பாக்கியைத் தவணையாகக் கட்டுகிறோம்.

இப்போது நானும் குழுக் கூட்டத்துக்குப் போகிறேன். போன கூட்டம் முழுக்கப் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறாததைப் பற்றித்தான் பேசினோம். பேசாமல் வரக்கூடிய விஷயமா அது?

உயர்நிலைப் பள்ளி என்பதால் இங்கே பத்தாம் வகுப்பு வரைதான். பிளஸ் ஒன்னுக்கு அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும், நடுவில் தனியாருக்கு மாற்றிவிடக் கூடாது என்று வீட்டில் இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.