வெப்பச் சேமிப்பில் பிஎச்டி: கட்டணம் பற்றிய ஒற்றை வரியும் பாஸ்போர்ட் பெயரும் இழுத்தடித்த 14 மாதம்

2025 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக லேபில் சேர்ந்தேன். தொழிற்சாலைகளுக்கு வேண்டிய வெப்பத்தை உருகும் உப்பில் சேமித்து வைப்பதுதான் ஆராய்ச்சி. நான் சேர்ந்திருக்க வேண்டியது 2024 அக்டோபரில். அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இந்த அக்டோபருக்கு முயற்சி செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எம்.இ. தெர்மல் முடித்துவிட்டு பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர், கம்ப்ரசர் பார்க்கும் வேலையில் மூன்று வருடம் இருந்தேன். 2023 நவம்பரில் விண்ணப்பிக்க ஆரம்பித்தேன். விளம்பரங்களுக்குப் பஞ்சமே இல்லை. தொழில்துறை வெப்பம், கார்பன் குறைப்பு என்று தேடினாலே வரிசையாக வரும். அதில் பாதி எனக்கானது இல்லை என்பது முதல் அடி விழுந்த பிறகுதான் புரிந்தது.

ஜனவரியில் ஒரு இடத்தில் நேர்காணல் நன்றாகவே போனது. தேர்வும் செய்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து மெயில்: உதவித்தொகை தருவோம், ஆனால் கல்விக் கட்டணத்தில் உள்நாட்டு மாணவருக்கான அளவை மட்டுமே ஏற்போம். அந்த வருடம் யுகேஆர்ஐ (இங்கிலாந்து அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு) நிர்ணயித்த உள்நாட்டுக் கட்டணம் 4,700 பவுண்டு சொச்சம். வெளிநாட்டு மாணவருக்கு இன்ஜினியரிங்கில் 25,000க்கு மேல். மீதியை நானே கட்ட வேண்டுமாம், வருடா வருடம். விளம்பரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பத்தியில் ஒரே வரியாக எழுதித்தான் இருந்தது. நான் ஆராய்ச்சித் தலைப்பைப் பத்து முறை படித்தேன், அந்த வரியைப் படிக்கவில்லை.

2021லிருந்து யுகேஆர்ஐ நிதி வெளிநாட்டு மாணவர்களுக்கும் திறந்திருக்கிறது. ஆனால் ஒரு மாணவர் தொகுதியில் 30 சதவீதம் வரைதான். அதனால் வழிகாட்டிக்கு எழுதும் முதல் மெயிலிலேயே, "இந்த இடத்தில் வெளிநாட்டுக் கட்டணம் முழுவதும் அடங்குமா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கி நான் இரண்டு மாதத்தை இழந்தேன். யாரும் தப்பாக நினைப்பதில்லை. அப்புறம் இங்கிலாந்தோடு நிற்காதீர்கள். ஜெர்மனியில் பல பிஎச்டி இடங்கள் சம்பள வேலையாகவே வரும், இந்தக் கட்டணத் தொல்லையே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் இடங்களுக்கு எந்த நாட்டவரும் போட்டியிடலாம்.

டிரான்ஸ்கிரிப்ட் வாங்க என் பழைய பல்கலைக்கழகத்துக்கு மூன்று நடை. முதல் நடையில் சலான் தப்பான கணக்குக்குக் கட்டிவிட்டேன். இரண்டாவது நடையில் கவுன்டரில் இருந்தவர், "ஏம்மா, கையெழுத்துப் போடுறவர் லீவு, திங்கட்கிழமை வா" என்றார். திங்கட்கிழமை போனால் எம்.இ. பிரிவு வேறு கட்டடமாம். சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றும் கடிதத்துக்குத் தனி விண்ணப்பம் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உறையில் சீல் வைத்து ஐந்து பிரதியாவது வாங்குங்கள்.

இரண்டாவது நேர்காணல்தான் இந்தப் பதினாலு மாதத்தில் எனக்கு நிம்மதி தந்த ஒரு மணி நேரம். வெப்பச் சேமிப்பு என்றால் எல்லோரும் ஸ்பெயினின் அண்டசோல் சூரிய மின்நிலையத்தின் உப்புத் தொட்டிகளில்தான் ஆரம்பிப்பார்கள். நான் சாயப்பட்டறையில் ஆரம்பித்தேன். பாலியஸ்டரை 130 டிகிரியில் சாயமேற்ற வேண்டும். மூன்று சாஃப்ட்ஃப்ளோ மெஷின்கள் ஒன்றாகச் சூடேறத் தொடங்கினால் எங்கள் பாய்லர் பிரஷர் 10 பாரிலிருந்து 7க்கு இறங்கிவிடும். ஃபயர்மேன் விறகைத் தள்ளி ஏற்றிக்கொண்டு வருவதற்குள் மெஷின்கள் சூடேறி முடித்திருக்கும், இங்கே சேஃப்டி வால்வு சீறும். இதைச் சொன்னதும் எதிரே இருந்த மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஸ்டீம் அக்யுமுலேட்டர் வைத்தால் போதாதா?" என்று ஒருவர் கேட்டார். அது அழுத்தத்தில் சுடுநீரைத் தேக்கி வைத்து நீராவி தரும் தொட்டி, நீராவியை விட விட பிரஷர் இறங்கிக்கொண்டே வரும், ஆனால் உருகி உறையும் உப்பு ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் வெப்பத்தைத் தரும் என்றேன். சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் கலவை 222 டிகிரி பக்கம் உருகும். மின்சாரம் மலிவாக இருக்கும் நேரத்தில் அதை உருக்கி வைத்தால், 184 டிகிரியில் இருக்கும் 10 பார் நீராவியை அதிலிருந்து எடுக்கலாம். சிக்கல் என்னவென்றால் உப்பு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. உறையும்போது குழாயின் மேல் பொருக்காகப் படிந்து, உள்ளே மிச்சமிருக்கும் வெப்பத்தை வெளியே விடாது. அந்தப் பொருக்கைத் தாண்டி வெப்பம் வர குழாயில் எந்த வடிவத்தில் உலோகத் துடுப்புகள் (ஃபின்) வைப்பது என்பதுதான் இப்போது என் தலைப்பு. ஏப்ரலில் முழு நிதியோடு ஆஃபர் வந்தது.

சரி, இனி என்ன, விசாதானே என்று நினைத்தேன்.

இந்தியர்கள் இங்கிலாந்தில் இது மாதிரி இன்ஜினியரிங் ஆராய்ச்சிக்குப் போக ஏடாஸ் (ATAS) என்ற அந்நாட்டு அரசின் பாதுகாப்பு அனுமதியை வாங்க வேண்டும். கட்டணம் இல்லை. வழிகாட்டி தரும் ஆராய்ச்சிக் குறிப்பைச் சேர்த்து ஆன்லைனில் கொடுக்க வேண்டும். கோடையில் கூட்டம் அதிகம், ஆறு வாரம் கூட ஆகலாம். நான் ஜூனில் கொடுத்து ஜூலையில் வாங்கிவிட்டேன். ஆகஸ்டில்தான் குண்டு விழுந்தது.

என் பட்டச் சான்றிதழில் பெயரும் ஒற்றை இனிஷியலும். பாஸ்போர்ட்டில் என் பெயர், அப்புறம் சர்நேம் இடத்தில் அப்பாவின் முழுப் பெயர். ஆஃபர் கடிதம் சான்றிதழைப் பார்த்துத் தயாரானது, நான் ஆஃபர் கடிதத்தைப் பார்த்து ஏடாஸை நிரப்பினேன். விசாவுக்கான எண் தரும் கட்டத்தில் சேர்க்கைப் பிரிவு பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பெயர் பொருந்தவில்லை, ஏடாஸை மறுபடி வாங்கி வா என்றது. ஏப்ரலிலிருந்து என் பாஸ்போர்ட் நகல் அவர்களிடம்தான் இருந்தது. அதைச் சொல்லி நான்கு மெயில் போட்டேன். ஒன்றுக்கும் நேரான பதில் இல்லை. இரண்டாவது ஏடாஸ் வருவதற்குள் அக்டோபர் சேர்க்கை மூடிவிட்டது. வழிகாட்டி பேசி ஜனவரிக்கு மாற்றித் தந்தார். அவர் இல்லையென்றால் இடமே போயிருக்கும்.

நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்த இனிஷியல் பிரச்சினை இருக்கும். முதல் விண்ணப்பத்திலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதுங்கள். சான்றிதழில் இருப்பவரும் நானும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது போதாதென்று காசநோய்ப் பரிசோதனை. முன்கூட்டியே எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று மே 20ஆம் தேதியே ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போய் எடுத்துவிட்டு வந்தேன். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். நவம்பர் கடைசியில் விசாவுக்குப் போடும்போது காலாவதி. மறுபடி அதே ரயில், அதே எக்ஸ்ரே, மறுபடி பணம்.

கடைசி இடறல், அங்கே அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம். வருடத்துக்கு 776 பவுண்டு, எனக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்து 3,104 பவுண்டு, விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். விசா கட்டணம் தனி, 2024இல் அது 490 பவுண்டாக இருந்தது. உதவித்தொகையில் ஒரு பைசா கைக்கு வருவதற்கு முன்பே மூன்றரை லட்சத்துக்கு மேல் புரட்ட வேண்டியிருந்தது. அப்பா சீட்டை எடுத்துக் கொடுத்தார். அதையும் கார்டு இரண்டு முறை நிராகரித்தது, வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பை நான் உயர்த்தி வைக்கவில்லை. முந்தின நாளே வங்கிச் செயலியில் அதை மாற்றிவிடுங்கள்.

விசா மூன்று வாரத்தில் வந்தது. போன வாரம் முதல் தடவையாக ஐந்து கிலோ உப்பை உருக்கினேன். 222 டிகிரியைத் தொட்டதும் வெப்பமானி முள் அப்படியே நின்றுவிட்டது, உப்பு முழுவதும் தண்ணீராகும் வரை நகரவில்லை. அதை வீடியோ எடுத்துப் பட்டறை ஃபயர்மேன் அண்ணனுக்கு அனுப்பினேன். "இது எத்தனை மணி நேரம் தாங்கும் கண்ணு?" என்று கேட்டிருக்கிறார்.